கூப்பிடுகிறவளின் தொண்டை

ஹூரியானாவின் குரலைப் பற்றிப் பேசாத ஆள் ஒட்டாராவில் இல்லை. ஆக்லாந்தின் தெற்குக் கோடியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரே அச்சு வீடுகள் வரிசையாக நிற்கிற அந்தப் பேட்டையில், சாவானாலும் கல்யாணமானாலும், "யாரு கூப்பிடறா? ஹூரியானாவா? அப்ப கட்டாயம் போகணும்" என்பார்கள். மராய் என்பது அங்கத்திய பூர்வகுடி ஜனங்களின் சபைக்கூடம். அதன் வாசலில் விருந்தாளிகள் வந்து நின்றால், உள்ளேயிருந்து ஒரு பெண் அந்த ஜனங்களின் மொழியில் குரலெடுத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் ஓர் அடி உள்ளே வைக்க முடியாது, வந்திருப்பது மந்திரியாக இருந்தாலும் சரி. வருகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுப்பாள். இரண்டு குரலும் மாறி மாறி எழ, கூட்டம் மெல்ல நடந்து உள்ளே வரும்.

அந்த வேலையில் ஹூரியானாவை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேர் எப்படி வந்தது என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவள் ஒட்டாராவிலேயே பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கிழக்குக் கரையிலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள். பதினாறு வயதில், அம்மா வேலை பார்த்த சலவைக்கூடத்திலேயே சேர்ந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து எடுத்து மடிக்கிற வேலை. இருபத்தொரு வயதில் ஹகோபாவைக் கட்டிக்கொண்டாள். சொந்த மொழி அவளுக்கு வீட்டில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசினதற்காகப் பிரம்படி வாங்கினவர்கள் அவளைப் பெற்றவர்கள். பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று இங்கிலீஷோடு நிறுத்திக்கொண்டார்கள். மகள் மிஹியாட்டா பிறந்த சமயம் மராயில் 'மொழிக்கூடு' என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று ஆரம்பித்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வந்தவள், தானும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வயசுப் பிள்ளைங்களோட நானும் மூணு வயசுலேர்ந்து ஆரம்பிச்சேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். மகள் முந்திக்கொண்டு ஓடினாள். அம்மா மூச்சு வாங்கப் பின்னால் ஓடினாள். ஹகோபா மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் அப்பா பரத்தேனேயும் பிரம்படி வாங்கினவர்தான். மகனுக்கு மொழியைக் கொடுக்கவில்லை. "வணக்கம் சொல்லத் தெரியும், சாப்பாட்டு ஜெபம் தெரியும். வேற என்ன வேணும்?" என்பான் ஹகோபா.

அவனைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். நல்ல உயரம், நாலு இரும்புக் குழாயைச் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏணியில் ஏறுவான். ஒரு சொட்டு குடிக்க மாட்டான். மராயில் மண்ணடுப்புக்குக் குழி வெட்ட, விடிகிறபோதே மண்வெட்டியோடு நிற்கிற முதல் ஆள் அவன். கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிறவனும் அவன்தான். நடக்க முடியாத கிழவிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைப்பான். "தங்கமான மனுஷன்" என்றது ஊர். ஊர் பொய் சொல்லவில்லை. கதவைச் சாத்தின பிறகு இருக்கிற ஹகோபாவை ஊர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவன் குடிகாரனாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாகவே இருந்திருக்கும். பாட்டிலைக் காட்டி நாலு பேரிடம் அழுதிருக்கலாம். இவனுடைய எதைக் காட்டி அழுவது?

முதல் சில வருஷங்கள் முதுகு, தொடை, மேல்கை என்று போயிற்று. சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். கழுத்துக்கு வந்தது தொண்ணூற்று நாலாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவன் தம்பி வந்திருந்தான். முந்தின வாரம் ஹகோபா சாரத்தில் கால் தவறிப் பெயின்ட் வாளிக்குள் காலை விட்ட கதையை அந்தத் தம்பி நடித்தே காட்டினான். ஹூரியானா வாய்விட்டுச் சிரித்தாள். ஹகோபாவும்தான் சிரித்தான். தம்பியைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, கையசைத்து, திரும்பி வந்து, சமையலறையில் பிரிட்ஜோடு சேர்த்து அவள் கழுத்தைப் பிடித்து அழுத்தினான். கத்தவில்லை.

"இன்னொரு தடவ சிரி, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

கால் தரையில் இருந்ததா என்று அவளுக்கு ஞாபகமில்லை. பதினொரு வயது மிஹியாட்டா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் எச்சில் விழுங்கினால் உயிர் போயிற்று. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போய், சலவைக்கூடத்தில் சளி என்றாள். மூன்றாம் வாரம் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்து, "என்னம்மா இப்படி ஆயிருக்கு, எப்படி வந்தது?" என்று கேட்டார். "எங்க மராயில ஒரு சாவு. மூணு நாள் தொடர்ந்து கூப்பிட்டேன்" என்றாள். அவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அவள் அதுவரைக்கும் மராயில் மூன்றாம் வரிசைக் கூப்பிடுகிறவள். சுத்தமான, மெல்லிய குரல். பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே வெற்றுமுகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஓய்வு முடிந்து திரும்பி வந்த குரல் வேறாக இருந்தது. அடியில் கரகரப்பு, மேலே போகும்போது நடுவில் உடைந்து, ஒரு கணம் இல்லாமலே போய், திரும்பக் கிழிந்துகொண்டு வந்தது. அன்றைக்கு ஒரு மீன்பிடிக்காரரின் சாவு. அவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் வந்திருந்த ஐம்பது பேரும் விசும்பினார்கள். மராயின் மூத்த பேச்சாளர் திபெனே தன் கைத்தடியை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"இத்தன நாளா இந்தக் குரல எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். "இதுல நம்ம செத்தவங்க அத்தன பேரும் இருக்காங்க. எவ்வளவு துக்கம் பட்டிருந்தா இப்படி ஒரு குரல் வரும்!"

துக்கம் பட்டிருந்தாள்தான். என்ன துக்கம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஜனங்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். செத்தவர்களின் குரலை உயிரோடிருக்கிறவள் தொண்டையில் கேட்கப் பழகினவர்கள்; அந்தத் தொண்டையில் ஐந்து விரல் பதிந்திருப்பதைக் கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள்தான் முதல் வரிசை. பக்கத்துப் பேட்டைகளிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஹகோபாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும், "எம் பொண்டாட்டி கூப்பிட்டா பெட்டிக்குள்ள இருக்கறவனே எழுந்து உக்காருவான்" என்பான். அடுத்த ரெண்டு வருஷத்தில் இன்னும் இரண்டு தடவை கழுத்தைப் பிடித்தான். இரண்டு தடவையும் குரல் கொஞ்சம் கீழே இறங்கிற்று. ஊர் இன்னும் கொஞ்சம் மெச்சிற்று.

ஒருமுறை சொல்லிவிடுவதென்று திபெனேயிடம் போனாள். அவர் தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும். வீட்டு விஷயம்."

"தொண்டை கட்டியிருக்கு பாரு. பேசிப் பேசி வீணாக்காத கண்ணு. சனிக்கெழமை பெரிய கூட்டம் வருது, அதுக்கு வேணும்" என்று சொல்லி, கை நிறையத் தக்காளி பறித்துக் கொடுத்து அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து, அத்தனை தக்காளியையும் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆகஸ்டில் மாமனார் பரத்தேனே செத்துப்போனார். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்வதற்காக வடக்கே ஹொக்கியாங்காவிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவி கட்டரைனாவோடு வந்து இங்கே மகள் வீட்டில், ஹகோபாவின் அக்கா வீட்டில், இருந்தவர். உடலை ஒட்டாரா மராயில் இரண்டு நாள் வைத்திருந்து, வியாழக்கிழமை காலையில் வடக்கே கொண்டுபோய்ப் புதைப்பதென்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது காரிலேயே ஹகோபா சொல்லிவிட்டான். "அப்பா வீடு இனிமே நம்ம பொறுப்பு. ஆம்பளைல நான்தானே தலைப்பிள்ளை? மண்ணுல வெச்சதும் நாம அங்கேயே இருந்துடறோம். வேலை அங்கேயும் கெடைக்கும்."

"சலவைக்கூடம்? பிள்ளைங்க பள்ளிக்கூடம்?"

"அங்க பள்ளிக்கூடம் இல்லையா என்ன?" ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். நல்ல சந்தோஷமாகத்தான் பேசினான். "பக்கத்து வீடு ஒன்றரை மைல். அங்க நீ எவ்வளவு வேணாலும் கத்தலாம் ஹூரி. யாருக்கும் தொந்தரவு இல்ல."

அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். மண்பாதை முடிகிற இடத்தில், சதுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும். டெலிபோனைத் துண்டித்து வருஷம் இரண்டாயிற்று. அங்கே போனால் நாலாவது தடவை கழுத்தைப் பிடிக்கும்போது இங்கே மாதிரி, அவன் கையை நிறுத்த, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமப்போவதில்லை. தான் செத்துப்போவோம் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்கப்புறம் மிஹியாட்டாவும் ஏழு வயது ரெவெட்டியும் அவனோடு அந்த வீட்டில் இருப்பார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி வந்தது. பெரிய கூடத்தின் முகப்பில், திறந்த பெட்டிக்கு ஒரு பக்கம் கட்டரைனா கறுப்பு உடுப்பும் தலையில் பச்சிலை வளையமுமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் பெற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். துக்கக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது. மண்ணில் வைக்கிற வரைக்கும் அவர்களுக்காக மற்றவர்கள்தான் பேச வேண்டும், அழ வேண்டும், சமைக்க வேண்டும். தலைப்பிள்ளை என்று ஹகோபா தாயின் காலடியில் கைகட்டி உட்கார்ந்தான்.

ஹூரியானாவும் அங்கேதான் உட்கார வேண்டும் என்று கிழவிகள் சிலர் சொன்னார்கள். திபெனே ஒப்பவில்லை. "மருமகதானே, ரத்தம் இல்லையே. பரத்தேனே மாதிரி ஒரு மனுஷனுக்கு வேற யார் கூப்பிடறது? இவ கூப்பிடட்டும்" என்றார். ஹகோபா பெருமையோடு தலையாட்டினான். அந்தக் குரலை விட மனசில்லாமல் பெரியவர் கொடுத்த அனுமதி அது.

அன்று நாலு கூட்டம் வந்தது. நாலுக்கும் கூப்பிட்டாள். நடுநடுவில் சமையலறைக்குப் போய்ப் பன்றி எலும்புக் குழம்புக்குக் கீரை அலசிக் கொடுத்தாள். சாயங்காலம் பரத்தேனேயின் பழைய சிநேகிதர் ஒருவர் பெட்டிக்கு எதிரில் நின்று கைத்தடியை ஆட்டினார். "ஏய் திருட்டுப்பயலே! என் மீன்வலைய எடுத்துக்கிட்டுப் போனியே, குடுக்காமலே ஓடறியா? எழுந்திருடா, பதில் சொல்லு!" எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். செத்தவரிடம் எதையும் நேரடியாகச் சொல்லலாம், திட்டலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஹூரியானா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்று அதைக் கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மாமியாருக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, ஹகோபா தலையைக் குனிந்தபடியே அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

"அக்கா போய்ப் பிள்ளைங்க துணியெல்லாம் மூட்டை கட்டிட்டா. ஒன்னோடதுதான் பாக்கி."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சமையலறையை நடத்துகிறவள் பிரிஹிரா. முப்பது வருஷமாக அந்த அடுப்புகளைக் கட்டி ஆள்கிறவள். ஹூரியானாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் பிரிஹிரா.

"என்ன தெரியும்?"

"கழுத்துல நீ சுத்தற துணி எதுக்குன்னு. ரெண்டு வருஷமாத் தெரியும்."

ஹூரியானாவுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டிற்று. "தெரிஞ்சு என்ன பண்ணினீங்க அக்கா?"

பிரிஹிரா தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். "உருளைக்கெழங்கு உரிச்சேன்" என்றாள். பிறகு முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் ஆள் வந்து நிற்பதாகச் செய்தி வந்தது. தெற்கே வைக்காட்டோ ஆற்றுப் பக்கத்திலிருந்து நாற்பது பேர். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் கறுப்புக் கம்பளிக் கோட்டில், வைராட்டா என்ற பெண் நின்றாள். அறுபது வயதிருக்கும். அந்தப் பக்கத்தில் பேர்போன கூப்பிடுகிறவள். ஹூரியானாவின் குரலை நேருக்கு நேர் கேட்க வேண்டுமென்றே வந்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஹூரியானா கூடத்தின் முகப்பில் வந்து நின்றாள். கழுத்துத் துணியை அவிழ்த்துப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். முதல் அழைப்பு எப்போதும்போல்தான்: வாருங்கள், ஆற்றின் மக்களே, உங்கள் இறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வைராட்டா பதில் கொடுத்தாள். கூட்டம் பாதித் தூரம் வந்து நின்றது. இரண்டாவது அழைப்பு இறந்தவருக்கு. அதில் என்ன சொல்வதென்று எழுதிவைத்த பாடம் கிடையாது. கூப்பிடுகிறவளுக்கு வாயில் வருவதுதான். அவள் முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒருவரும் பேசக் கூடாது, அசையக்கூடக் கூடாது.

"போய் வாரும், பெரியவரே, போய் வாரும்.
உம்முடைய படகை விட்டுவிட்டுப் போகிறீர், உம்முடைய வீட்டை விட்டுவிட்டுப் போகிறீர்.
உம்முடைய கையையும் ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்?
அது என் கழுத்தில் இருக்கிறது.
என் குரலை மெச்சுகிறவர்களே, கேளுங்கள். இதை உடைத்தது துக்கம் இல்லை, இவருடைய தலைப்பிள்ளையின் விரல்கள்.
மூன்று முறை உடைத்தான். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வடக்கே உம்முடைய வீட்டுக்கு என்னைக் கொண்டுபோகிறான்.
அங்கே போனால், அடுத்த பெட்டிக்கு முன்னால் நின்று கூப்பிட வேறொருத்தியைத் தேடிக்கொள்ளுங்கள்.
போய் வாரும், பெரியவரே. போகும்போது அந்தக் கையையும் எடுத்துக்கொண்டு போம்."

குரல் மூன்று இடத்தில் உடைந்தது. அவள் அதை ஒட்டப் பார்க்கவில்லை.

மொழி தெரியாத இளவட்டங்கள் வழக்கம்போல் தேம்பினார்கள். ஹகோபாவும் அழுதான், அப்பாவை அனுப்ப எப்பேர்ப்பட்ட அழைப்பு என்று நெஞ்சு விம்மி அழுதான். மொழி தெரிந்தவர்கள் அழவில்லை. பேச்சாளர்களின் பெஞ்சில் ஆறு கிழவர்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டரைனா தன் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது பதில் வர வேண்டும். வைராட்டா கேட்காத மாதிரி வழக்கமான நாலு வரியைச் சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். வேறொருவர் வீட்டுச் சமாச்சாரம். மழையில் கூட்டத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். பிறகு குரல் எழுந்தது.

"கேட்டுவிட்டேன், மகளே, கேட்டுவிட்டேன்.
எங்களோடு வந்த இறந்தவர்கள் கேட்டுவிட்டார்கள்.
நாற்பது பேர் கேட்டுவிட்டோம்.
இனி அதை யாரும் கேட்காததாக ஆக்க முடியாது."

கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. மரபுப்படி முதலில் பேச வேண்டியவர் திபெனே. எழுந்தார். கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். இருபது நிமிஷத்துக்குக் குறைந்து பேசாத மனிதர், ஒரு வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டார். நன்றாக வேண்டும் என்று ஹூரியானா நினைத்தாள். உடனே அவர் மேல் பரிதாபமும் வந்தது.

எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் ஹகோபாவுக்கு உறைத்தது. பின்னாலிருந்த மிஹியாட்டாவின் பாவாடை நுனியை இழுத்தான்.

"அம்மா என்ன சொன்னா? ஏன் எல்லாரும் என்னையே பாக்கறாங்க?"

மிஹியாட்டாவுக்குப் பதிமூன்று வயது. மொழிக்கூட்டிலிருந்து நேராக அந்த மொழிப் பள்ளிக்கூடத்துக்கே போனவள். தாத்தாவை அனுப்பினாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் எழுந்து நின்று, வகுப்பில் மொழிபெயர்க்கச் சொன்னால் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் சொன்னாள். இளவட்டங்களுக்கும் அப்போதுதான் விளங்கிற்று. "என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்ற வரி வந்தபோது, "அது நான்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஹகோபா பாதி எழுந்தான். அவன் வாய் திறந்தது. கட்டரைனா சால்வையை விலக்காமலே கையை நீட்டி, அவன் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அப்பாவின் உடல் முன்னால் கிடக்கிறது, பேச்சு கிடையாது. அவன் உட்கார்ந்தான்.

வைக்காட்டோக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்ப வேண்டியவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வைராட்டா பிரிஹிராவிடம், "மெத்தை எத்தன இருக்கு? நாங்க நாளைக்குத்தான் போறோம்" என்றாள். பிரிஹிரா நாற்பது மெத்தையையும் தானே சுமந்து போட்டாள். ஹூரியானாவுக்கு இடம் வைராட்டாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில். படுக்கப் போகும் முன்பு மாமியாருக்குத் தேநீர் கொண்டுபோனாள். கட்டரைனா கோப்பையை வாங்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கிழவனைச் சபையில் நிறுத்திக் கேவலப்படுத்திவிட்டோம், இந்த அம்மா இனி நம்மை மன்னிக்க மாட்டாள் என்று ஹூரியானா அழுதாள். சொன்னதற்காக அழவில்லை.

வியாழக்கிழமை காலையில் பெட்டியை மூடி, ஜெபம் சொல்லி, ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சவ வண்டியில் ஏற்றினார்கள். ஹகோபா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். தலைப்பிள்ளை அப்பாவை விட்டு நகரக் கூடாது. பின்னால் சொந்தக்காரர்களுக்குப் பஸ். நாத்தனார் பிள்ளைகளின் மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றி, ரெவெட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து, மிஹியாட்டாவின் தோளைப் பிடித்துப் படியில் ஏற்றினாள்.

"அக்கா, பிள்ளைங்க இங்க இருக்கட்டும்" என்றாள் ஹூரியானா.

"தாத்தாவ மண்ணுல வைக்கப் பேரப்பிள்ளைங்க வேணாமா? நேத்து பண்ணினது பத்தலையா ஒனக்கு? இதையும் கெடுக்கணுமா?"

பேரப்பிள்ளைகள் குழிக்குப் போகத்தான் வேண்டும். தடுத்தால், நேற்று அவள் சொன்னதை விட்டுவிட்டு, இதைத்தான் ஊர் பேசும். ஆனால் பிள்ளைகள் போனால் அவளும் போக வேண்டும். குழியை மூடியதும் ஹகோபாவின் மௌனம் முடிந்துவிடும். அந்த மண்பாதை, அந்த வீடு, துண்டித்த டெலிபோன். வைராட்டாவும் பிரிஹிராவும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஆனால் இது அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள், அந்தக் குடும்பத்துப் பஸ். வெளியாள் கை வைக்க முடியாது. அவள் ஒரு காலைப் பஸ் படியில் வைத்தாள்.

இரண்டு பெண்கள் தாங்க, கட்டரைனா சவ வண்டியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். பஸ் வாசலுக்கு வந்ததும் நின்றாள். தாங்கினவர்களின் கையை விலக்கினாள். இரண்டு நாளாகத் திறக்காத வாய், சாயங்காலம் குழியை மூடுகிற வரைக்கும் திறக்கக் கூடாத வாய்.

"எந்தக் கை?" என்றாள்.

ஹூரியானாவுக்கு விளங்கவில்லை. "என்ன அத்தை?"

"ஒன் கழுத்தப் பிடிச்சது. எந்தக் கை?"

"எடது கை."

கட்டரைனா மெதுவாகத் தலையசைத்தாள். சவ வண்டிக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அவருக்கும் எடது கைதான்" என்றாள்.

பிறகு பஸ்ஸின் படியில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மிஹியாட்டா, தம்பியக் கூட்டிக்கிட்டு எறங்கு. மூட்டையையும் எடுத்துக்க."

"அம்மா! பேரப்பிள்ளைங்க இல்லாமலா அப்பாவை..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"இல்லாமதான் போவாரு" என்றாள் கட்டரைனா. "எறங்குங்கடா கண்ணுங்களா."

பிள்ளைகள் இறங்கினார்கள்.